எறால் மேல் போட்ட பழி

திருமுல்லைவாயில்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் ஜோஸுக்கு எட்மண்ட் எழுதிக்கொண்டது. மாதா தயவில் இங்கு நானும் உன் அக்காவும் மகள் ஹெலினாவும் சுகம். கொரட்டூரில் நீயும் உன் மனைவி, தங்கச்சி லூர்தம்மாளும் சுகமா என்பது போனை எடுத்தால்தானே தெரியும். மூன்று வாரமாக எடுக்காததால் இந்தக் கடிதம்.

உன் பேரனின் ஞானஸ்நான விருந்தில் எறால் தொக்கு சாப்பிட்ட கால்மணி நேரத்தில் என் உதடு வீங்கி, கண் இடுங்கி, பங்குச் சாமியாரே என்னை யாரென்று விசாரித்ததும், அந்த நிலையிலும் வாயை மூடாமல் "பழைய எறாலைப் போட்டுட்டா" என்று பந்திக்கே கேட்கும்படி நான் சொன்னதும், தங்கச்சி கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் நீ பார்த்ததுதான். அப்புறம் ஆவடியில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். எனக்கு எறாலும் ஒவ்வாது, கரப்பான் பூச்சியும் ஒவ்வாது என்று ரிப்போர்ட் வந்தது. "அறுவத்தஞ்சு வருசமா துன்ற எறாலு இப்ப இன்னாத்துக்கு ஒத்துக்கல?" என்று கேட்டேன். நோய் எதிர்ப்பு செல்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்யும் ஹெலினா, இட்லியைப் பாதியில் விட்டுவிட்டுப் பாடம் எடுத்தாள்.

"அந்தச் செல்லு ஒவ்வொண்ணும் உருவாகும்போதே ஜீன் துண்டுங்களைக் குலுக்கிப் போட்டு, தனக்குன்னு ஒரு ஏற்பி செஞ்சுக்கும்பா. ஏற்பின்னா, வெளிய நீட்டிகினு இருக்கிற கை மாதிரி. கோடிக்கணக்கான செல்லு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு தினுசு கை. எது வந்து மாட்டும்னு அதுக்கே தெரியாது. உன்னோடதுல ஒண்ணுக்குக் கரப்பான் தூசி வாகா மாட்டிகிச்சு. எறால்லயும் கிட்டத்தட்ட அதே புரதம் கீது. வித்தியாசம் தெரியாம அதையும் பிடிச்சுகிச்சு."

தங்கச்சி கைமேல் குற்றமில்லை என்று எனக்கு நிம்மதி. உன் அக்காவுக்குத்தான் கோபம் வந்துவிட்டது. "அப்ப என் ஊட்ல கரப்பான் கீதுன்ற. அவ சமையல் முடிஞ்சுது, இப்ப என் ஊடா?" என்றவள், அலமாரியில் இருந்த டப்பா அத்தனையையும் கூடத்தில் இறக்கி, ஒவ்வொன்றாக என் முகத்துக்கு நேரே திறந்து காட்டினாள். ஒரு பூச்சியும் இல்லை. இரண்டு நாளாக எனக்கு ரசம் சாதம்தான், அதுவும் ஹெலினா போட்டால் உண்டு.

ஆகவே மச்சான், பழி என் செல்லுடையது என்று தங்கச்சிக்கு எடுத்துச் சொல்லி, என் மன்னிப்பைச் சேர்த்துவிடு. குழந்தைக்கு என் முத்தம். மாதா உங்கள் குடும்பத்தைக் காப்பாளாக.

உன் மாமா,
எட்மண்ட்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் லேபிலிருந்து போன். அந்த ரிப்போர்ட் பட்டாபிராமில் இருக்கும் வேறொரு எட்மண்டுடையதாம். என்னுடையதில் எறாலும் இல்லை, கரப்பானும் இல்லை. முந்திரிப் பருப்பு என்று போட்டிருக்கிறது. பாயசத்துக்கு வறுத்து வைத்த முந்திரியில் பாதியைக் காணோம் என்று அன்று தங்கச்சி உன்னைத் திட்டினாளே, அதைத் தின்றது நான்தான். மேலே உள்ளதை அவளுக்குப் படித்துக் காட்டு. இதை மட்டும் கிழித்துவிடு.