ஐஸ்கிரீமுக்கு எதுக்குங்க அரை மூட்டை உப்பு?

தங்கச்சி நிச்சயத்துக்கு ஐஸ்கிரீம் போட ஆள் பிடிக்கணும். எனக்கிருந்த வேலை அது ஒண்ணுதானுங்க.

தொண்ணூறுகள்ல பெரியநாயக்கன்பாளையத்துல ஒரு விசேஷத்துக்கு ஐஸ்கிரீம் போட்டா, ஊரே ஒரு வாரம் பேசும். மாப்பிள்ளையோட அப்பா அவிநாசிக்காரர். ஐஸ்கிரீம் உண்டுன்னு அவர்கிட்ட முன்னாடியே பீத்தியும் வெச்சிருந்தேன்.

நான் பட்டறையைக் கூட்டிப் பெருக்கி, அடி வாங்கி, ரெண்டு லேத்துக்கு முதலாளி ஆனவன். எவன் என்ன கணக்குச் சொன்னாலும் பாதியா வெட்டாட்டி எனக்குச் சோறு இறங்காது.

காரமடையிலிருந்து ஐஸ்கிரீம்காரர் வேலுச்சாமி வந்தார். பட்டியல் வாசிச்சார். பாலு, சர்க்கரை, ஐஸ்கட்டி, கல்லுப்பு அரை மூட்டை.

"உப்பா! ஐஸ்கிரீம் போடறீங்களா, கருவாடு போடறீங்களா?"

"ஏனுங்க, அது வந்துங்க..."

"வந்தும் இல்ல, போயும் இல்ல! யாருகிட்ட? பட்டியல்ல உப்பை அடிச்சுப்போடுங்க. அதுக்குப் பதிலா சர்க்கரையை ரெண்டு பங்காப் போடுங்க."

"சர்க்கரை கூடுனா இன்னும் மோசமுங்க..."

"பேசப்படாது!"

"அப்ப உப்பு உங்க பொறுப்புங்க"ன்னார்.

"ஆமா, எம்பொறுப்புதான். போங்க!"

ஜெயிச்சுப்போட்டேன்!

நிச்சயத்தன்னைக்கு வேலுச்சாமி மரத்தொட்டிக்குள்ள பால் டப்பாவை வெச்சு, சுத்தி ஐஸை உடைச்சுப் போட்டு, கைப்பிடியைச் சுத்த ஆரம்பிச்சார்.

"உப்பு எங்கீங்க?"

"சும்மா சுத்துங்க!"

அரை மணி நேரம் ஆச்சு. பாலு குளுந்துச்சு. ஒரு மணி நேரம் ஆச்சு. இன்னும் பாலாவேதான் இருந்துச்சு.

"தெம்பே இல்ல உங்களுக்கு, தள்ளுங்க!"ன்னு வேட்டியை மடிச்சுக் கட்டி நானே சுத்தினேன். தோள்பட்டை கழண்டுபோச்சு. பாலு இறுகல.

வேலுச்சாமி மெதுவாச் சொன்னார்: "அண்ணா, உப்பு ஐஸ்கிரீமுக்கு இல்லீங்க. வெளிய தொட்டியில இருக்கற ஐஸுக்குங்க. உப்பு விழுந்தா ஐஸு கரைஞ்சுக்கிட்டே இன்னும் கடுங்குளுராப் போகும். சர்க்கரை கலந்த பாலு வெறும் ஐஸுக்கெல்லாம் உறையாதுங்க. நீங்க ரெண்டு பங்கு போடச் சொல்லிப்போட்டீங்க வேற."

"இதை அன்னைக்கே சொல்றதுக்கென்னய்யா?"

"பேசப்படாதுன்னீங்க."

சமையல்காரர்கிட்ட இருந்த உப்புப் பானையைப் பிடுங்கிக்கிட்டு ஓடி வந்தேன். தொட்டியில ஐஸே இல்ல. வெறும் தண்ணி நின்னுச்சு.

அங்க பந்தியில இலையெல்லாம் காலியாகுது. எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க. வேற வழி? அந்தப் பாலையே டம்ளர்ல ஊத்திக் குடுத்துப்போட்டோம்.

மாப்பிள்ளையோட அம்மா ஒரு வாய் குடிச்சாங்க. நாக்கைச் சப்புக்கொட்டுனாங்க.

"பாயசம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா ஆறிப்போச்சு."

"அதுக்கென்னுங்க அக்கா, இதா சூடு பண்ணிக் கொண்டாறேன்"னு டம்ளரை வாங்கிக்கிட்டு அடுப்படிக்கு நடந்தேன்.