கிழங்குக்குச் சாட்சி சொல்பவர்

மனிதர்களில் கிழங்குச் சாட்சிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள், பார்த்ததும் வேறு தெருவில் திரும்பியும் இருப்பீர்கள். தட்டில் ஆவி பறக்கும், நமக்குக் கை பரபரக்கும், அந்த நேரம் பார்த்து, "இதுல இன்னா சத்து இருக்குதுன்னு தெரியுமா?" என்று ஆரம்பிப்பாரே, அவர்தான். தெரியாது ஐயா, தெரியாமலேயே பசிக்கிறது என்று யாரால் சொல்ல முடிகிறது?

ஆம்பூரில் இந்த இனத்துக்கு இன்பசேகரன் என்று பெயர். ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அங்கே செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கை சும்மா இருக்குமா? இப்போது மார்க்கெட்டில் கிழங்கைத் திருப்பிப் பார்க்கிறது. உருளைக்கிழங்கைக் கண்டால் "ரிஜெக்ட்!" அது கப்பலில் வந்ததாம், நம் மண்ணின் ஆள் இல்லையாம். மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும்கூடக் கப்பலில் வந்தவைதான் என்று பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சொல்லிவிட்டார். அந்த வாத்தியாரோடு இவருக்கு இன்றுவரை பேச்சில்லை. சர்க்கரைவள்ளி கண்ணுக்கு, சேனை குடலுக்கு, மரவள்ளி உழைக்கிற உடம்புக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டுக் கடைசியில் பொட்டாசியத்தில் வந்து நிற்பார். பொட்டாசியம் என்கிறவரை ஊரில் யாரும் நேரில் பார்த்ததில்லை. இவர் பேசுவதைக் கேட்டால் ஏதோ சம்பந்தி போலிருக்கும்.

அப்துல் வஹீத் வீட்டு நிக்காஹ்வில் பிரியாணிப் பந்தி. கூட வைத்த கத்திரிக்காயைத் தூக்கிப் பார்த்து இன்பசேகரன், "பாய், இதுக்குப் பதிலா சேனை வெச்சா நார்ச்சத்து ஜாஸ்தி" என்றார்.

"சார், மாப்ள வூட்டுக்காரங்களுக்குச் சோறு போடறோம். வைத்தியம் பாக்கல" என்றார் வஹீத். பந்தியே சிரித்தது. இவரும் சேர்ந்து சிரித்துவிட்டு இரண்டாம் தரம் பிரியாணி வாங்கிக்கொண்டார்.

கிழங்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை. உண்டென்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ள முடியாது. காலையில் வெந்த சர்க்கரைவள்ளி இரண்டு தின்றால் மத்தியானம்வரை வயிறு கூப்பிடாது. கிழங்கு நல்லது. அதோடு வரும் பேச்சைத்தான் செரிக்க முடிவதில்லை.

இந்தக் கஷ்டம் முழுசாகத் தெரிந்தவள் அவர் மனைவி தேவகிருபை. ஒவ்வொரு வருஷமும் சபையில் அறுப்பின் பண்டிகை வரும். அவரவர் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். இன்பசேகரன் கொல்லையில் தோண்டிய நாட்டுச் சேனையைக் கைக்குழந்தைபோலத் தூக்கி வருவார். ஏலம் விடும் எலியாஸ் வாயைத் திறக்குமுன் இவர் எழுந்து சத்துச் சாட்சி சொல்லத் தொடங்குவார். எடுப்பவருக்கு அதோடு தீராது. தோல் எவ்வளவு சீவினீர்கள், தண்ணீரைக் கொட்டினீர்களா என்று வாரம் முழுக்க போன் வரும். யார் எடுப்பார்கள்? கேட்பாரில்லாத சேனையை மானம் போகக்கூடாதென்று இவரே ஏலம் எடுப்பார். அது வீடு திரும்பும். அப்புறம் பொரியல், மசியல், வடை. போன வருஷம் பாயசம்கூட. பிள்ளைகள் அந்த வாரம் முழுக்க யார் வீட்டிலாவது விருந்தாளி.

'ஆண்டவரே, இந்த வருஷம் அது வீட்டுக்கு வரக்கூடாது.' தேவகிருபையின் ஜெபம் அவ்வளவுதான்.

பண்டிகை அன்று காலை, ஏலச் சேனையோடு கூடவே தோண்டிய சின்னச் சேனையை நறுக்கிப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். இன்பசேகரன் வந்து எட்டிப் பார்த்தார்.

"புளித்தண்ணி ஊத்தாத கிருபே! சத்தெல்லாம் அதோட போய்டும். எத்தினி வாட்டி சொல்றது?"

எத்தனையோ வாட்டி சொல்லியிருக்கிறார். அத்தனை வாட்டியும் "சரிங்க" என்று சொல்லி, அவர் திரும்பியதும் ஊற்றியிருக்கிறாள். புளியில்லாமல் அந்தச் சேனையின் அரிப்பு அடங்குமா, தொண்டையில்தான் இறங்குமா? அவர் ஊரெல்லாம் முழங்கிய கொள்கை இத்தனை காலம் நின்றது அவள் புளித்தண்ணீரில்தான்.

அன்றைக்கும் "சரிங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகச் சொன்னபடி செய்தாள்.

அவர் சப்புக்கொட்டி ஒரு தட்டு சாப்பிட்டார். சபை வாசலுக்குப் போவதற்குள் தொண்டையைச் செருமினார். ஆராதனையில் பாட்டு வரவில்லை. ஏலத்தில் எலியாஸ் சேனையைத் தூக்கினார், இன்பசேகரன் எழுந்தார், சபை பெருமூச்சு விட்டது. வாய் திறந்தது. "க்ஹ்ர்" என்று ஒரு சத்தம் வந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

யாராலும் நம்ப முடியவில்லை.

"அண்ணே, இன்னிக்கி ஸ்பீச் இல்லியா?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டாள் நர்ஸ் ஹெலன். "அப்போ எனக்கு!"

"இரும்மா, எனக்கும் சேனைன்னா உயிரு" என்று மூன்று கைகள் உயர்ந்தன. எலியாஸுக்குக் குரல் கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் ஹெலன்தான் ஜெயித்தாள். அதைத் தூக்கிக்கொண்டு தேவகிருபையிடம் வந்தாள்.

"அக்கா, இத எப்பிடி செய்றது?"

தேவகிருபை புருஷன் இருந்த திசையைப் பார்த்துவிட்டுக் குனிந்தாள். "புளித்தண்ணில நல்லா வேகவை. யாரு கேட்டாலும் ஊத்தலன்னு சொல்லு."

சாயங்காலம் அவருக்கு ஒரு தம்ளர் புளிக்கரைசலில் வெல்லம் போட்டுக் கொடுத்தாள். என்ன கஷாயம் என்று அவர் கேட்கவில்லை. குடித்ததும் குரல் வந்தது.

"பாத்தியா கிருபே? போன வருஷம் நான் பேசினது இந்த வருஷம் வேல செஞ்சிருக்குது. இன்னா போட்டி!"

"ஆமாங்க" என்றாள் அவள், தம்ளரைக் கழுவிக்கொண்டே.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கிழங்கு இல்லாவிட்டால் உங்களுக்குச் சிறுதானியம் இருக்கும், செக்கெண்ணெய் இருக்கும், நடைப்பயிற்சி இருக்கும். நீங்கள் பேசப் பேச உங்கள் வீட்டிலும் ஒருவர் "சரிங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பார். எதற்கும் இன்றைக்கு ஒரு தடவை அடுப்பங்கரையை எட்டிப் பாருங்கள். புளி ஊறிக்கொண்டிருந்தால் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.