அப்பாவின் எக்கோவும் இரண்டு பாட்டில் தண்ணீரும்

‘தெரியாது’ என்ற சொல்லை வாழ்க்கையில் முதன்முதலாக நான் சொன்னபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்குள் அப்பாவின் வேட்டி நனைந்துவிட்டிருந்தது.

கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடிக்கிறவள் நான். வீடு பண்ணைக்காட்டுப் பக்கம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் குடியிருப்பு அது. அங்கே யார் வீட்டுக்கு இங்கிலீஷில் ஒரு தாள் வந்தாலும் நேராக என்னிடம் வரும். பாங்கு நோட்டீஸ், கேஸ் புத்தகம், மாத்திரை அட்டை எல்லாவற்றுக்கும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்வேன். (மாத்திரை அட்டையில் எனக்குப் புரிவது காலாவதித் தேதி மட்டும்தான். அதைச் சொன்னால் மரியாதை என்ன ஆவது?)

அப்பா காப்பித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். மேட்டில் ஏறும்போது நடுநடுவே நின்று மூச்சு வாங்க ஆரம்பித்ததும் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் குழாயை நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"வால்வுல சத்தம் வருது. வத்தலக்குண்டுல ஒரு எக்கோ எடுத்துட்டு வாங்க. தள்ளிப் போடாதீங்க, வெரசா எடுங்க" என்று தாள் எழுதிக் கொடுத்தார்.

எக்கோ என்றால் இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன். அதுவரை எனக்குச் சரியாகத்தான் தெரியும். ஆனால் என் கர்ப்ப காலத்தில் ஸ்கேனுக்குப் போனபோது வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, சிறுநீர் கழிக்காமல் வரச் சொன்னார்கள். ஸ்கேன் என்றால் ஸ்கேன்தானே என்று முடிவு கட்டினேன். தாளின் பின்பக்கத்தில் இங்கிலீஷில் நாலு வரி இருந்தது. ஊரார் தாளையெல்லாம் எழுத்து விடாமல் படிக்கிற மகராசி, பெற்ற அப்பனின் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நாளைக்கு வெறும் வயிறுப்பா. ரெண்டு பாட்டில் தண்ணி குடிக்கணும். ஒண்ணுக்குப் போகக் கூடாது."

"நெஞ்சப் பாக்குறதுக்குத் தண்ணி எதுக்கு மகள்?"

"தண்ணி இருந்தாத்தான் உள்ள தெளிவாத் தெரியும்."

(இந்தப் பதிலுக்காக நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தானாக வந்தது.) அப்பா தலையாட்டினார். நான் சொன்னால் அவருக்கு அது கவர்மெண்டு உத்தரவு.

முதல் பாட்டிலை வீட்டிலும் இரண்டாவதை பஸ்ஸிலும் குடிக்க வைத்தேன். வழியில் ஊத்து என்கிற ஊரில் டீக்காக பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். எழுந்த அப்பாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். அதற்குப் பிறகு வளைவுக்கு வளைவு அவர் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஸ்கேன் சென்டரில் எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரும் எக்கோவுக்கு வந்தவராம். சும்மா இருக்க முடியுமா என்னால்?

"ஸ்கேனுக்கு முன்னால சாப்பிடக் கூடாதுங்க. திருப்பி அனுப்பிருவாங்க."

"போன தடவையும் சாப்ட்டுத்தாங்க வந்தேன். ஒண்ணும் சொல்லலியே."

"அது உங்க நல்ல நேரம்" என்றேன்.

அப்பா அந்த அவஸ்தையிலும் நிமிர்ந்து, "மகள் கொடைக்கானல் ஸ்கூல்ல வேல. எல்லாம் தெரிஞ்சவ" என்று அவரிடம் சொன்னார். இட்லிக்காரர் உள்ளே போனார். நெஞ்சைத் துடைத்துக்கொண்டே இருபது நிமிஷத்தில் வெளியே வந்தார். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

"மகள், ஏலாது."

"இன்னும் ரெண்டே பேருப்பா. பல்லக் கடிச்சுக்கங்க."

எங்கள் முறை வந்தது. உள்ளே மெஷின் பக்கத்தில் சின்ன வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள். அப்பா இரண்டு ஸ்வெட்டர், ஒரு சட்டை, ஒரு பனியன் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கூச்சத்தோடு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தார். அவள் ஜில்லென்று ஜெல்லைத் தடவி, கருவியை விலா எலும்புகளுக்கு நடுவே வைத்து அழுத்தினாள்.

"மூச்ச வெளிய விட்டு அப்படியே நிறுத்துங்கய்யா."

அப்பா மூச்சை நிறுத்தினார். மற்றதை நிறுத்த முடியவில்லை.

அவள் பதறாமல் கருவியை எடுத்து வைத்துவிட்டு என்னிடம், "தண்ணி எதுவும் குடிச்சாரா?" என்று கேட்டாள்.

"ரெண்டு பாட்டில். வெறும் வயிறு" என்றேன். அப்போதும் குரலில் ஒரு பெருமை இருந்தது. அந்தக் குரலை இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

"எக்கோவுக்கு அதெல்லாம் எதுவுமே வேணாமேம்மா. சாப்ட்டுட்டு, மாத்திரையப் போட்டுட்டு எப்பவும் போல வரலாம். வெளிய இருந்து நெஞ்சு வழியா பாக்குறதுதான். தாளுக்குப் பின்னால போட்டிருக்குமே. யாரு தண்ணி குடிக்கச் சொன்னது?"

"தெரியாதுங்க" என்றேன்.

அதுதான் என் முதல் ‘தெரியாது’. அதுவும் பொய். அப்பா படுத்தபடியே தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"பரவால்லய்யா, வேற வேட்டி வாங்கி மாத்திட்டு வாங்க. வெரசா முடிச்சிரலாம்" என்றாள் அந்தப் பெண். தங்கமான பெண். அப்பாவோ ஜெல்லைக்கூடத் துடைக்காமல் அதன்மேலேயே பனியனைப் போட்டுக்கொண்டார்.

"ஏலாது மகள். வீட்டுக்குப் போவம்."

கெஞ்சினேன். அவர் நடந்துகொண்டே இருந்தார். திரும்பி வரும் பஸ்ஸில் பாதி சீட் காலி. "உக்காருங்கப்பா" என்றேன். "சீட்டு நனைஞ்சிரும்" என்று மஞ்சள் பையை முன்னால் மறைப்பாகப் பிடித்தபடி மலை ஏறும்வரை நின்றுகொண்டே வந்தார். வால்வில் சத்தம் வருகிறவர். நானும் கூட நின்றிருக்கலாம். உட்கார்ந்துதான் வந்தேன்.

அதன் பிறகு எக்கோ என்று பேச்செடுத்தாலே அப்பா எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். ஒரு மாதம், இரண்டு மாதம் என்று எட்டு மாதம் போனது. எனக்கும் வற்புறுத்த வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சென்டருக்குள் மறுபடி நுழைய எனக்கும் வெட்கமாக இருந்தது. கடைசியில் கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தே தூங்குகிற நிலைக்கு வந்தபோது தம்பி வண்டி பிடித்தான். அன்றைக்கு மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் அப்பா படுத்தார். வலி இல்லை, ஊசி இல்லை. இருபது நிமிஷம். திரையில் ஒரு வால்வு மூடாமல் படபடத்துக்கொண்டிருந்தது. முன்னால் போகவேண்டிய ரத்தம் திரும்பிப் பின்னால் வருவதை அந்தப் பெண் கலர் போட்டே காட்டினாள்.

இதய டாக்டர் பழைய தாளையும் புதிய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எட்டு மாசம் முன்னாடியே எழுதிக் குடுத்திருக்காங்களே. அப்பவே எடுத்திருந்தா ஆபரேஷன்ல வால்வச் சரி பண்ணியிருக்கலாம். இப்ப ஹார்ட் பெருசாயிருச்சு, பம்பிங் கொறைஞ்சிருச்சு. ஆபரேஷன் தாங்காது. மாத்திரையிலதான் ஓட்டணும். ஏன் எடுக்கல?"

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பவள் நான், மேஜையிலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இன்றைக்கு எங்கள் வீட்டில் பல் டாக்டரிடம் கிளம்பினாலும், ஆதார் போட்டோ எடுக்கக் கிளம்பினாலும், "தண்ணி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார்கள். கதையைப் பிரமாதமாகச் சொல்கிறவர் அப்பாதான். கட்டிலில் சாய்ந்தபடி இல்லாத கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப்போலவே பேசிக் காட்டுவார். நடுவில் மூச்சு வாங்கும். கையைக் காட்டி எங்களை நிறுத்தி வைத்துவிட்டு, தணிந்ததும் தொடர்வார். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த இடத்தில் கதை முடியும். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

போன வாரம் என் மகள் சிரித்துக்கொண்டே, "அப்புறம் எப்ப தாத்தா எக்கோ எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"அடுத்த வாரமே ஒங்கம்மா கூட்டிட்டுப் போயிட்டா" என்றார் அப்பா.

"அப்படியாம்மா?"

ஆமாம் என்றேன்.