விட்டுக்கொடுக்காத அரைநிலா

தண்ணீர்த்தொட்டி வளைவில் வண்டி மூன்று தும்மல் தும்மி, ஒரு ஏப்பம் விட்டு அடங்கியது.

"போச்சா?" என்றாள் பின்சீட்டிலிருந்து மனைவி.

"போச்சு. இதோட ஆறு!" என்றார் ஓய்வுபெற்ற எடைக்கல் ஆய்வாளர். ஊருக்கு அவர் தராசு சார்.

போனது அரைநிலா. இன்ஜின் தண்டின் மேல் காந்தச் சக்கரம் நழுவாமல் பிடித்துவைக்கும் நகத்தளவு எஃகுத் துண்டு. அது அறுந்தால் தீப்பொறி நேரம் தவறும். அப்புறம் அந்த ஐம்பது வயது மோட்டார்சைக்கிளை யானை தள்ளினாலும் பிடிக்காது.

வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர். அவர் தள்ளினார். அவள் நடைப்பயிற்சி ஷூவில் கூடவே நடந்தாள்.

"வண்டியில வர்றதுக்கு எதுக்கு ஷூ? என் மேல அவ்வளவு நம்பிக்கையா?"

"அது பாட்டுக்குக் கால்ல கிடக்கட்டும். நீங்க அந்தக் கள்ளத் தராசுக்காரன் மரத்துல ஏறின கதையைச் சொல்லுங்க."

சொன்னார். தள்ளும் மூச்சோடு மூச்சாக, மரத்துக்கு ஒரு கிளை கூடவே வைத்துச் சொன்னார். வேலையில் இருந்த முப்பத்து நான்கு வருஷமும் ‘ம்’, ‘சாப்பாடு’, ‘விளக்கை அணை’ என்று மூன்றே வார்த்தையில் குடித்தனம் நடத்திய மனிதர்!

ஓய்வு பெற்ற அன்று அவர் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று: ‘இனி ஞாயித்துக்கிழமைதோறும் உன்னை ராணி மாதிரி உட்கார வச்சு ஊர் சுத்திக் காட்டி, உட்கார வச்சே கூட்டிட்டு வருவேன்.’ ராணி இதுவரை ஆறு தடவையும் நடந்துதான் அரண்மனைக்குத் திரும்பியிருக்கிறாள். அது அவர் நெஞ்சை அறுத்தது.

வீட்டில் அறுந்த அரைநிலாவின் மேல் அரத்தை வைத்தார். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

"இது எஃகா? வாழைப்பழம்! இனிமே கடையில வாங்கறதில்ல, நானே செய்யறேன்."

செய்தார். எஃகுத் துண்டை அரைநிலாவாக ராவி, அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, வாணலி எண்ணெயில் முக்கினார். கிளம்பிய புகையில் மூன்று தெரு இருமியது.

"பொரிஞ்சுடுச்சா? உப்பு போட்டீங்களா?" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை வாசலைத் தாண்டுவதற்குள் அது கண்ணாடியாய் நொறுங்கியது.

"இவ்வளவு கிட்டயேவா!" என்றாள் அவள், ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. குரலில் அத்தனை ஏமாற்றம்.

நொறுங்கிய துண்டைப் பார்த்த லேத் பட்டறைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "சிவக்க வச்சு முக்கினா மட்டும் போதுமா சார்? மறுபடி இளஞ்சூட்டுல வாட்டி, அதோட முறைப்பை இறக்கணும்."

தராசு சாருக்குப் பிறர் பேச்சு காதில் ஏறுமா? அந்த அரத்தையே உடைத்து அடுத்த அரைநிலா செய்தார். அது அறுந்துபோகவில்லை, நொறுங்கவில்லை. பத்தே நிமிஷத்தில் தண்டைக் கடித்துக் குதறிவிட்டது.

"கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும் சார். இது முறைச்சுக்கிட்டு நின்னா தண்டுதான் சாகும்," என்று லேத்காரர் தண்டைச் சரிசெய்ய மூன்று வாரம் தவணை கேட்டார்.

மூன்று ஞாயிறு. கூடத்தில் செய்தித்தாள் விரிப்பில் இன்ஜின் குடல் சரிந்து கிடந்தது. அவர் அதன் எதிரே உட்கார்ந்து ‘ம்’ என்றார். அவள் ஷூவைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். பாவம், ஊர் சுற்ற எவ்வளவு ஆசை என்று அவர் உருகிப்போனார்.

"என்னங்க, உங்க கைவைத்தியம் போதும். வழக்கமான கடையிலயே வாங்கிட்டு வாங்க," என்றாள் அவள்.

புது அரமும் கையுமாகப் போனார். கடைக்காரர் வெளியே போயிருந்தார். கல்லாவில் அவர் மகள். பெரிய டப்பாவிலிருந்து ஓர் அரைநிலாவை எடுத்துப் போட்டாள். அரம் பாதி பிடித்தது, பாதி வழுக்கியது. சுத்தியலால் தட்டினார், நொறுங்கவில்லை. அசல் பக்குவம்! அவருக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடி சிவந்தது.

"இவ்வளவு நல்ல சரக்கை வச்சுக்கிட்டு, ஆறு தடவையும் எனக்கு வாழைப்பழமாம்மா குடுத்தார் உங்கப்பா?"

அவள் அரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சட்டென்று அரைநிலாவைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயோ, தராசு சாரா நீங்க? உங்களுக்குத் தனி டப்பா சார்! ‘கெட்டியானதைக் குடுத்துடாதீங்க, வண்டி ஓடினா அவர் முதுகைத்தான் பார்க்கணும், நின்னாத்தான் மனுஷன் வாயைத் திறக்கறார்’னு உங்க வீட்டம்மா ஷூ போட்டுக்கிட்டு நடந்தே வந்து சொல்லிட்டுப் போனாங்களே!"