ஜப்பான் பாடத்துக்கு நான் படுத்த கதை

கட்டுகஸ்தோட்டை
ஞாயிற்றுக்கிழமை

புசல்லாவையில் பேர் சொல்ல வாழும் என் தம்பி அழகமுத்துவுக்கு, அக்காள் வீரம்மா எழுதுவது. இங்கே என் இடுப்பைத் தவிர யாவும் சுகம். உன் வீட்டாரும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். உன் மகள் கல்யாணத்தில் என்னை இரண்டாம் பந்திக்குத் தள்ளியதை மறக்கவில்லை. ஆனாலும் அவசரம் என்பதால் எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு வந்து, என் கோழிக்கறியைத் தின்றுகொண்டே, "அக்கா, பேத்தி றமீலாவ ஜப்பானுக்கு அனுப்பு, அங்க கெழவிகளப் பாத்துக்க ஆளில்லயாம்" என்றாயே, இங்கே மட்டும் ஆள் வரிசையில் நிற்கிறதா? அவள் அம்மாவைக் குவைத்துக்கு அனுப்பச் சொன்னதும் நீதான், என் மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஜப்பானில் கார் உடைக்கிற யார்டில் வேலை செய்துவிட்டு வந்த ஹலீம் மாஸ்டர் பாலத்துக்குப் பக்கத்தில் ஜப்பான் பாஷையும் நோயாளி பார்க்கிற வேலையும் சொல்லிக்கொடுக்கிற கிளாஸ் நடத்துகிறார், அதில்தான் பேத்தியைச் சேர்த்தோம். அவர், "வீட்டுல வயசாளி ஈந்தா அவங்கள நோயாளியா வெச்சிப் பழகுங்க" என்று சொல்லிவிட்டார், அன்றிலிருந்து நான் கை கால் விளங்காதவள். நல்லா நடமாடுகிற என்னை றமீலா கட்டிலில் போட்டு, வலது பக்கத்துக்கு அவர்கள் சொல்கிற "மிகி"யைச் சொல்லிக்கொண்டே இடது பக்கம் புரட்டுகிறாள், இடுப்பு போய்ச் சுவரில் மோதியது. "இத்தாய்!" என்று கத்தினேன். வலித்தால் அங்கே அப்படித்தான் கத்த வேண்டுமாம். அவள் தடவிக்கூடக் கொடுக்கவில்லை, "சூப்பர் அம்மாயி, கரெக்ட்டா சொல்றீங்க" என்று கைதட்டினாள்.

அவர்களும் நம்மைப் போல "சோறு தின்றேன்" என்றுதான் வார்த்தையை அடுக்குவார்களாம், அப்படியிருந்தும் இவள் மண்டையில் நிற்கவில்லை. ரெண்டாம் வகுப்போடு கொழுந்துக்கூடை தூக்கியவள் நான், காதில் விழுந்தது எதுவும் போகாது, அது என் வியாதி. அவள் திக்கும்போதெல்லாம் படுத்தபடியே அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுக்கிறேன். நோயாளியும் நானே, தாதியும் நானே. நேற்று என் புருஷன் பேரை வேறு கேட்கிறாள். அவர் உயிரோடு இருந்தபோதே நான் வாயால் சொன்னதில்லை.

"ஜப்பான் பாஷைல சொன்னா பாவம் ஒட்டாது அம்மாயி."

"ஏன்டி, அந்தப் பாஷைலயும் அவருக்கு அதே பேருதானே?"

இந்தப் பிள்ளைக்கு இது சரிப்படாது, தம்பி. இன்றைக்குக் கண்டியில் பரீட்சைக்குப் போயிருக்கிறாள், தேற மாட்டாள். நீ ஆரம்பித்ததை நீயே வந்து நிறுத்து. இங்கே ஏதாவது புடவைக்கடையில் நிற்கட்டும், பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வருவாள்.

உனக்கும் பிள்ளைகளுக்கும் நோய்நொடி அண்டாதிருக்க என் ஆசி. உன் பெண்சாதிக்கும் ஆசி, கேட்டால் மட்டும் கொடு.

அக்காள்
வீரம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் வந்துவிட்டாள். பெயில். பரீட்சையில் நோயாளியாகப் படுத்திருந்த யாரோ ஓர் அம்மா கண்ணை மூடிக்கொண்டு சும்மா கிடந்தாளாம், அடுத்த வார்த்தையை எடுத்துக்கொடுக்க ஆளில்லாமல் இவள் வாயடைத்து நின்றாளாம். இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள், சோறும் வேண்டாமாம். என் பேத்திக்கு மண்டை இல்லை என்று எவன் சொன்னது? நீ உடனே வா. வந்து ஹலீம் மாஸ்டரிடம் பேசி அவளை மறுபடி சேர்த்துவிடு. நாளைக்கே நான் திரும்பப் படுத்துக்கொள்கிறேன். இந்தத் தடவை வாயே திறக்க மாட்டேன்.