மச்சானிடம் போகாமல் கிளச் கழற்றியது

என் டிராக்டரின் கிளச் எரிந்த அன்று நான் ஒரு சபதம் செய்தேன். மானிப்பாயில் வாகனம் திருத்தும் கராச் வைத்திருக்கிற என் மனைவியின் அண்ணன் இராசநாயகத்திடம் போவதில்லை. நானே கழற்றுவேன், நானே பூட்டுவேன். அதுவரை நான் தனியாகக் கழற்றிப் பூட்டியது சட்டைப் பொத்தான் மட்டும்தான்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய மூத்த மகளுக்கு ஆவணி இருபத்திரண்டில் கலியாணம். எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்குச் சொல்வதென்றால் புருசனும் பெண்சாதியுமாக வீடு தேடி வந்து, இருந்து, தேத்தண்ணி குடித்து, வாயால் சொல்லவேண்டும். அவர் எங்கள் ஊர் கரவெட்டிக்கு வந்த யாரிடமோ அழைப்பிதழைக் கொடுத்தனுப்பிவிட்டார்.

"எங்கடை படலையைத் திறந்து வந்து சொல்லாத கலியாணத்துக்கு நானும் வரன், நீரும் போகேலாது," என்றேன் மனைவி குணலட்சுமியிடம்.

"நான் தூக்கி வளத்த பெட்டை. மாமிக்காரி நான் இல்லாமல் தாலி கட்டுறதோ?"

"மரியாதை எண்டு ஒண்டு இருக்கு."

"சண்டையாலை வாகனம் ஓட்ட மண்ணெண்ணெயே இல்லாத நேரத்திலை அண்ணை எதிலை வாறது?"

"சைக்கிளிலை வரட்டும்."

"பதினெட்டு மைல். வல்லை வெளியிலை சோழகக் காத்து ஆளைத் தூக்குது."

"தூக்கட்டும்."

அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். குணலட்சுமி பேச்சை நிறுத்தினால் பயப்படவேண்டும். பதினைந்து வருடத்தில் இதை நான் கற்றிருக்கலாம்.

டிராக்டருக்குக் கிளச் நடுவயிற்றில் இருக்கிறது. அதைப் பார்க்க டிராக்டரையே இரண்டாகப் பிரிக்கவேண்டும். பின்பாதிக்குப் பனங்குற்றியை முட்டுக் கொடுத்து, முன்பாதியைத் தள்ளினேன். பிரிந்தது. எனக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. கழற்றியதையெல்லாம் சாக்கில் பரப்பினேன். குணலட்சுமி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"இஞ்சேருங்கோ, உது என்ன?"

"கிளச் பிளேட். தேஞ்சு போச்சு. நெல்லியடியிலை குடுத்தால் புது லைனிங் அடிச்சுத் தருவாங்கள்."

"உந்த உருண்டை?"

"பெயரிங். காலாலை மிதிக்கேக்கை உதுதான் தள்ளிக் குடுக்கிறது. உது இல்லாட்டிக் கிளச்சே இல்லை."

"துலைஞ்சால்?"

"கதை முடிஞ்சுது. கொழும்பிலை இருந்து ஒரு ஆணியும் வர விடுறாங்களில்லை."

"அண்ணையிட்டை இருக்காதோ?"

"இருக்கும். ஆனால் அவரிட்டை ஆர் போறது?"

"அதுதானே, ஆர் போறது," என்று அவளும் ஒத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

அடுத்த நாள் நெல்லியடிக்குப் போய் பிளேட்டோடு திரும்பினேன். சாக்கில் பெயரிங் இல்லை. கோழிக்கூட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். வெங்காயக் குவியலைக் கிளறினேன். காகத்தைத் திட்டினேன். ஆட்டைச் சந்தேகப்பட்டேன். என்னைவிட அதிகம் தேடியவள் குணலட்சுமிதான். செல்வச்சந்நிதி முருகனுக்குத் தேங்காய் அடிப்பதாக நேர்ந்துகூடக் கொண்டாள்.

மழைக்கு முன் வயலை உழுதாக வேண்டும். பக்கத்து வீட்டு மார்க்கண்டு காலையும் மாலையும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

"என்ன தில்லைநாதன், இப்ப உங்களிட்டை ரெண்டு டிராக்டரோ?"

பெயரிங் தொலைந்த நாலாம் நாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்தேன். எங்கே போகிறேன் என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. சாப்பாட்டுப் பார்சல் மட்டும் ஏற்கனவே கட்டி வைத்திருந்தாள். வல்லை வெளியில் ஏறி ஓடியது பாதி, இறங்கி உருட்டியது பாதி.

"வாங்கோ மச்சான்!" இராசநாயகம் கராச்சிலிருந்து ஓடி வந்தார். கால் கழுவத் தண்ணீர், இளநீர், நண்டுக்கறியோடு சோறு. நான் பெயரிங் என்று பாதி சொல்வதற்குள், மேசை லாச்சியைத் திறந்து கடதாசியில் சுற்றிய ஒன்றைக் கையில் வைத்தார். என்ன ஒரு தொழில்காரன் என்று நினைத்தேன். அப்போது அவர் மனைவியும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"மச்சான், வாற இருபத்திரண்டு பிள்ளைக்குக் கலியாணம். தங்கச்சியோடை கட்டாயம் வரவேணும்."

ஒரு கையில் அவர் தந்த பெயரிங். வாய் நிறைய அவர் வீட்டுச் சோறு. "ஓம்" என்றேன்.

அடுத்த நாள் பெயரிங்கைப் பூட்டி, இரண்டு பாதியையும் சேர்த்து முடுக்கி, ஸ்ராட் பண்ணினேன். கிளச்சை மிதித்தேன். கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது. டிராக்டர் முற்றத்தைச் சுற்றி வந்தது. என் கண் கலங்கிவிட்டது.

"பாத்தீரே? அளவெடுத்துச் செய்தது மாதிரி. உம்மடை அண்ணை பழைய சாமானெல்லாம் கவனமாய்த்தான் வைச்சிருக்கிறார்."

குணலட்சுமி தன் கூறைச்சேலையை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓம், மூண்டு நாளாய் வைச்சிருந்தவர். நீங்கள் நெல்லியடிக்குப் போன அண்டைக்கு முன்வீட்டுச் சின்னத்தங்கம் மானிப்பாய் ஆசுப்பத்திரிக்கு மருந்தெடுக்கப் போனவள். உந்தப் பெயரிங்கை அவளிட்டைதான் குடுத்து விட்டனான்."

நான் எஞ்சினை நிறுத்தினேன். "அப்ப என்ரை மரியாதை?" என்றேன்.

"அதுக்கென்ன குறை? புருசனும் பெண்சாதியுமாய் நிண்டு, வாயாலைதானே சொன்னவை," என்று சேலையின் மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டாள். "சொல்லுற வீட்டுக்கே பதினெட்டு மைல் சைக்கிள் உழக்கிப் போய்ச் சொல்லுவிச்சுக்கொண்டு வந்த முதல் ஆள் நீங்கள்தான்."