கண்ணாடிப் பயிற்சி

ஆலோசகரின் மூக்கு அரித்தது. சொறியலாமா, கூடாதா என்பதுதான் தெரியவில்லை.

மனநல ஆலோசகர்களுக்கான உடல் விழிப்புப் பயிற்சி அது. பேருந்து காலை வாரிவிட்டதில் ஆலோசகர் அரை மணி தாமதமாக வந்து சேர்ந்தார். கூடத்தில் எல்லோரும் வெறுங்காலோடு ஜோடி ஜோடியாக நின்றிருந்தார்கள்.

"ஜன்னல்கிட்ட ஒருத்தர் ஜோடியில்லாம நிக்கிறாரு பாருங்க, அவர் முன்னாடி போய் நில்லுங்க," என்றார் பயிற்சியாளர் அம்மாள். "அவர் உடம்பு என்ன செய்யுதோ, அதையே உங்க உடம்பும் செய்யணும், கண்ணாடி மாதிரி. நான் மணி அடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது."

வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அவருக்குக் கண்டம். முந்தின நாள்தான் அவர் வேலை பார்க்கும் மருத்துவமனையின் பெரிய டாக்டர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "உங்ககிட்ட வர்றவங்க அழ ஆரம்பிக்கிறதுக்குள்ள நீங்க ஆறுதல் சொல்லி முடிச்சுடுறீங்களாமே! இந்தப் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழோட வாங்க. இல்லேன்னா திங்கட்கிழமையிலேருந்து உங்க அறைக்கு வேற ஆள்."

ஜோடிக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். தொளதொளச் சட்டை, சாந்தமான முகம். இந்தக் கலையில் கரை கண்டவர் என்று ஆலோசகர் முடிவு கட்டினார்.

அரிப்பு பொறுக்கவில்லை. மூக்கைச் சொறிந்தார். ஜோடிக்காரர் திருதிருவென்று விழித்துவிட்டுத் தானும் சொறிந்தார்.

'அட, அவருக்கும் அரிக்கிறதே! அப்படியென்றால் நான் சொறிந்தே ஆக வேண்டும்.' சொறிந்தார். அவரும் சொறிந்தார். இரண்டு மூக்குகளும் பழுத்தன.

போதும் என்று ஆலோசகர் கையை இறக்கிப் பெருமூச்சு விட்டார். அவரும் விட்டார். 'பாவம், எத்தனை துக்கத்தை உள்ளே பூட்டி வைத்திருக்கிறாரோ!' ஆறுதல் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. அதை அடக்கப் பல்லால் கடித்தார். கொஞ்சம் பலமாகவே கடித்துவிட்டார். கண்ணில் நீர் முட்டியது.

ஜோடிக்காரரின் கண்ணும் கலங்கியது.

அந்த நேரம் பார்த்துக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. காலைத் தூக்கினார். அவரும் தூக்கினார். 'போச்சு! இனி அவர் இறக்கினால்தான் நான் இறக்கலாம்.' அவரோ இறக்குவதாக இல்லை. சிவந்த மூக்கும் வழியும் கண்ணீருமாக இருவரும் கொக்குபோல ஒற்றைக் காலில் நின்றார்கள்.

"எல்லாரும் இங்க பாருங்க!" பயிற்சியாளர் அம்மாளின் குரல் தழுதழுத்தது. "இருபது வருஷமா சொல்லிக் கொடுக்கிறேன். ரெண்டு உசுரு இப்படி ஒண்ணாகி நான் பார்த்ததே இல்ல!"

கூடத்தில் நாலைந்து பேர் மூக்கை உறிஞ்சினார்கள். மணி அடித்தது. இரண்டு கால்களும் ஒரே சமயத்தில் தரைக்கு வந்தன.

அம்மாள் அங்கேயே ஒரு சான்றிதழில் கையெழுத்துப் போட்டு ஆலோசகரிடம் நீட்டினார். 'கடவுளே, பிழைத்தேன்' என்று அவர் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

அம்மாள் இரண்டாவது தாளை எடுத்தார். "ஐயா, அடுத்தவங்க வலியை இப்படி வாங்கிக்க எங்க படிச்சீங்க? பேரைச் சொல்லுங்க, எழுதணும்."

ஜோடிக்காரர் கூச்சத்தோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"படிப்பெல்லாம் இல்லம்மா, ஜன்னலுக்குத் திரை மாட்ட வந்தவன் நான். இந்தத் தம்பி மூக்கைச் சொறிஞ்சு சொறிஞ்சு அழுதுட்டு நின்னாரு. பாவம், தனியா விட மனசு வரல."